கூலி கொடுத்தவன் எங்கே? கொலைகாரக் காதலன் படங்களில் தகப்பனின் இடம் குறித்து

காசு வாங்கிக்கொண்டு கொலை செய்கிறவனை ஒரு பெண் காதலிக்கிறாள். இந்த ஒரு வரியை வைத்துத் துயரக் கதை பண்ணலாம், திகில் கதை பண்ணலாம். சிரிப்புப் படமும் பண்ணியிருக்கிறார்கள், அதுவும் வரிசையாக. ஜான் ஹஸ்டனின் ‘பிரிட்ஸிஸ் ஹானர்’ (1985), ஜான் குசாக் நடித்த ‘கிராஸ் பாயின்ட் பிளாங்க்’ (1997), சாம் ராக்வெல்லும் அன்னா கென்ட்ரிக்கும் நடித்த ‘மிஸ்டர் ரைட்’ (2015), ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘ஹிட் மேன்’ (2023) என்று அமெரிக்கப் பக்கம் ஒரு பட்டியல் போடலாம். தமிழில் 2015 அக்டோபரில் வந்த விக்னேஷ் சிவனின் ‘நானும் ரௌடி தான்’ இந்தப் பட்டியலோடு ஒட்டி உட்காரக்கூடியது. சிரிப்புக்கும் கொலைக்கும் காதலுக்கும் இடையே நடக்கும் இந்த ஒப்பந்தம் என்ன, தமிழுக்கு வரும்போது அதில் எந்த ஷரத்து காணாமல் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

இந்த வகைப் படம் முதலில் செய்கிற காரியம், கொலையை ‘வேலை’யாக ஆக்குவது. ‘கிராஸ் பாயின்ட் பிளாங்க்’கில் கொலைகாரனுக்கு அலுப்பு வருகிறது, மனநல மருத்துவரிடம் போய் உட்காருகிறான், தொழில் போட்டியாளன் ஒருவன் கொலைகாரர்களுக்கெல்லாம் ஒரு சங்கம் வைக்கலாம் வா என்று அவனை நச்சரிக்கிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. நம்முடைய ஆபீஸ் சலிப்பு அவனுக்கும் இருக்கிறதே என்பதில் வருகிற சிரிப்பு அது. இப்படி வேலையாகிவிட்டபின் செத்தவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவன் ஒரு ‘ஃபைல்’. அவனுக்குப் பெயர் வேண்டாம், பெண்டாட்டி பிள்ளை வேண்டாம். காதலி கொலைகாரனிடம் கண்டுபிடிக்கிற ‘நல்ல மனசு’ என்பது செத்தவர்களிடமிருந்து உருவி எடுக்கப்பட்ட மனிதத்தன்மைதான் என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ் இதற்கு மொழியிலேயே வழி செய்து வைத்திருக்கிறது. போடுறது, தூக்குறது, கதையை முடிக்கிறது, ஸ்கெட்ச், சம்பவம். எல்லாம் அன்றாடச் சொற்கள். பத்திரிகைக்காரர்கள் ‘கூலிப்படை’ என்கிறார்கள். செஞ்சிப் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போகிறவளுக்குக் கிடைப்பதும் கூலிதான், அரிவாள் தூக்கினவனுக்குக் கிடைப்பதும் கூலிதான். இந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருக்கிறது. கூலி என்றால் கொடுத்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். களத்து மேட்டில் கூலி கொடுப்பவன் யார் என்பது ஊருக்கே தெரியும். சினிமாவில் மட்டும் அது ஏன் மங்கலாகிவிடுகிறது?

மேற்சொன்ன அமெரிக்கப் படங்கள் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு விதத்தில் சந்திக்கவே செய்கின்றன. ‘மிஸ்டர் ரைட்’ கொலைகாரனுக்கு ஒரு விசித்திரமான ஒழுக்கம் உண்டு: கொலை செய்யச் சொல்லிப் பணம் தருகிறவனையே கொன்றுவிடுவான். ‘பிரிட்ஸிஸ் ஹானரி’ல் காதலன் காதலி இருவருமே கொலைத் தொழில் செய்பவர்கள், அவளைக் கொல்லச் சொல்லி அவனுக்குக் கட்டளை இடுவது அவனை வளர்த்த மாஃபியா ‘குடும்பம்’. ‘கிராஸ் பாயின்ட் பிளாங்க்’கில் அவன் கொல்லவேண்டிய ஆள் யாரென்று உறையைப் பிரித்துப் பார்த்தால், அது காதலியின் அப்பா. அவரைக் கொல்லாமல் காப்பாற்றுகிறான், பெண்ணையும் பெறுகிறான். அதாவது தகப்பன் அங்கே இலக்காக இருந்து, காப்பாற்றப்பட்டு, சம்மதம் தருகிறவனாக மாறுகிறான். ‘தகப்பனின் சம்மதம்’ என்கிற பழைய நாடகத்தின் முடிச்சு துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே அவிழ்கிறது.

இப்போது ‘நானும் ரௌடி தான்’ பக்கம் வருவோம். பாண்டிச்சேரியில் நடக்கிற கதை. பாண்டி (விஜய் சேதுபதி) போலீஸ் இன்ஸ்பெக்டரின் மகன், தன்னை ரௌடியாகக் காட்டிக்கொள்கிறவன். காதம்பரி (நயன்தாரா) காது கேளாதவள். அவள் குடும்பத்தை அழித்தவன் கிள்ளிவளவன் (பார்த்திபன்). காதலிக்க வேண்டுமானால் கிள்ளிவளவனைத் தீர்க்க உதவி செய் என்கிறாள். வரதட்சணைக்குப் பதில் ஒரு பிணம். கொலை இங்கே காதலுக்குக் கொடுக்கிற விலை. ஆனால் பாண்டியோ நிஜ ரௌடி இல்லை, வெறும் வாய்ச்சவடால். ‘ஹிட் மேன்’ படத்திலும் இதேதான்: அவன் போலீசுக்காகக் கூலிக் கொலைகாரன் வேஷம் போடுகிறவன், புருஷனைக் கொல்ல ஆள் தேடி வருகிற பெண்ணோடு காதலில் விழுகிறான். ஆக, ‘கொலைகாரன்’ என்பது ஆண் அணிந்துகொள்கிற உடுப்பு. பெண்ணுக்கு அந்த உடுப்பின் மீது மோகம், நமக்கு அது கழன்று விழுகிற கணத்தின் மீது மோகம். ஆண்மை என்பதே ஒரு பாவனை என்று படம் தன்னை அறியாமல் சொல்லிவிடுகிறது. இந்த அளவில் அது கெட்டிக்காரப் படம், எனக்குப் பிடித்த படமும்கூட.

இதை நான் பார்த்தது அனந்தபுரத்தில், அத்தை வீட்டு டிவியில், பண்டிகை விடுமுறை ஒன்றில். வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அத்தை மட்டும் முறத்தைத் தட்டிக்கொண்டே, “ஏண்டா, அந்தப் பொண்ணுக்கு அப்பன் உசுரோட இருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா? மொதல்ல இவனத்தான் போட்டிருப்பான்” என்றார். கோட்பாடு எதுவும் படிக்காத ஒருவர் ஒரு பிரதியின் அச்சாணியை இப்படிச் சாதாரணமாகக் கழற்றி வைத்துவிட முடிகிறது. காதம்பரியின் அப்பா கொல்லப்பட்டுவிட்டார். அவர் இல்லாததால்தான் காதல் சாத்தியம், சிரிப்பும் சாத்தியம். அவர் இருந்திருந்தால் கூலி கொடுக்கும் கை எதுவாக இருந்திருக்கும் என்பது அத்தைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதன் ஜோடிப் படம் என்று நலன் குமாரசாமியின் ‘காதலும் கடந்து போகும்’ படத்தைச் சொல்லலாம். 2010இல் வந்த கொரியப் படமான ‘மை டியர் டெஸ்பராடோ’வின் தமிழாக்கம். நாயகி யாழினி எங்கள் விழுப்புரத்துப் பெண், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஐடி வேலைக்காகச் சென்னை போகிறவள். எதிர்வீட்டில் கதிர். முதலாளிக்காக ஜெயிலுக்குப் போய் வந்து, வாக்குக் கொடுத்த பார் இன்னும் கைக்கு வராமல் காத்துக்கொண்டிருக்கிற அடியாள். சரியாகச் சொன்னால் கொலைத் தொழில்காரன் இல்லை, அந்தத் தொழிலின் கடைநிலை ஊழியன். வேலை தேடும் பெண்ணையும் வேலை சலித்த அடியாளையும் ஒரே சந்தையில் தோற்றவர்களாக எதிரெதிரே நிறுத்தியதில் இந்தப் படம் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. இங்கே தகப்பன் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் விழுப்புரத்தில் இருக்கிறார். சென்னை என்கிற தூரம் அவரைச் செயலற்றவராக்கிவிடுகிறது. கதிர் என்ன சாதி, யாழினி என்ன சாதி என்று கேட்க வேண்டிய அவசியம் வருவதற்கு முன்பே படம் கடந்து போய்விடுகிறது.

அந்தப் படம் வெளியானது 2016 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. அடுத்த ஞாயிறு, மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர், இன்ஜினியரிங் மாணவர். உடனிருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டப்பட்டுப் பிழைத்தார். வெட்டியவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து போனதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்ய, அதை நாடே பார்த்தது. இரண்டு நாள் இடைவெளி தற்செயல்தான். படத்தின் மீது அதற்காகக் குற்றம் சாட்டுவது அபத்தம். ஆனால் விமர்சனம் எழுதுகிறவன் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டிலும் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போகிறாள், இரண்டிலும் அடியாள் இருக்கிறான். திரையில் அவன் அவளுக்கு வேலை கிடைக்க அலைகிறான். தெருவில் அவன் அவள் கணவனை வெட்டுகிறான்.

கூலி கொடுத்தது யார்? கௌசல்யாவின் தந்தை என்பது அரசுத் தரப்பு வழக்கு. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவர் உள்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் மகள். 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பின்படி வெட்டியவர்கள் இருக்கிறார்கள், வெட்டச் சொன்னவர் இல்லை. சட்டத்தின் சாட்சிய விதிகள் வேறு, சினிமாவின் கதையாடல் விதிகள் வேறு. ஒன்றை வைத்து மற்றதைத் தீர்ப்பிட நான் வரவில்லை. ஆனால் கூலி வாங்கிய கை எப்போதும் வெளிச்சத்திலும் கூலி கொடுத்த இடம் எப்போதும் இருட்டிலும் இருக்கிற ஒரு சமூகத்தில்தான் இந்த இரண்டு விதிகளும் இயங்குகின்றன. தெலங்கானாவில் மிரியாலகுடாவில் 2018 செப்டம்பர் 14 அன்று பிரணய் கொல்லப்பட்டபோது, மாமனார் ஒரு கோடி ரூபாய் பேரம் பேசியதாகப் போலீஸ் சொன்னது. அந்தத் தந்தை 2020இல் தற்கொலை செய்துகொண்டார். 2025 மார்ச்சில் நல்கொண்டா நீதிமன்றம் வெட்டியவனுக்கு மரண தண்டனை விதித்தது. கர்ப்பிணி மனைவியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவரை வெட்டியதற்கான விலை அது.

இங்கு நமது பழைய கதைகளை நினைவுகூர்வது பயன் தரும். ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் காத்தவராயன் கழுவேற்றப்படுகிறான். பொம்மியைக் கொண்டுபோன மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். செஞ்சிக்காரர்களுக்கு நெருக்கமான தேசிங்கு ராஜன் கதையிலும், 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டுச் சாகிற இளைஞனோடு அவன் மனைவி தீயில் இறங்குகிறாள். இவற்றில் காதலன், கணவன் என்பவன் கொல்லப்படுகிறவன். அதுவும் முதல் இரண்டில், கீழே வைக்கப்பட்டவன் மேலே கை நீட்டியதற்காகக் கொல்லப்படுகிறான். கொன்றவர்கள் யார் என்பதைக் கதைப்பாடல் மறைப்பதில்லை: ராஜா, அவனுடைய ஆணை, அவனுடைய கழுமரம். பாமர மனம் செத்தவனைச் சாமியாக்கி எல்லையில் நிறுத்திப் படையல் போட்டது. குற்ற உணர்ச்சியோ பயமோ, ஏதோ ஒன்று. செத்தவனுக்குப் பெயர் இருந்தது.

கொலைகாரக் காதலன் என்கிற நவீன நகைச்சுவை இந்த அமைப்பை அப்படியே தலைகீழாக்குகிறது. காதலன் கொல்லப்படுகிறவன் என்பது போய்க் கொல்கிறவன் ஆகிறான். செத்தவன் பெயரிழக்கிறான். கொல்லச் சொன்னவன் மறைகிறான், அல்லது கிள்ளிவளவன் மாதிரி வீட்டுக்கு வெளியே நிற்கிற ஒரு வில்லனாகிவிடுகிறான். வன்முறை எப்போதும் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது, வீட்டுக்குள்ளிருந்து கிளம்புவதில்லை என்கிற ‘இயல்பு’ இப்படித்தான் உற்பத்தியாகிறது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எந்த ரௌடியைக் கண்டு பயம்? பஸ் ஸ்டாண்டு ரௌடியைக் கண்டு மட்டும்தானா? சித்தப்பாவும் தாய்மாமனும் கூடி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுகிற பயத்தை எந்தக் காமெடிப் படமும் இன்னும் தொடவில்லை.

தொட்ட படம் ஒன்று உண்டு, அது காமெடி இல்லை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). அதில் வருகிற கிழவர்தான், என் கணக்கில், தமிழ் சினிமா காட்டிய அசலான தொழில்முறைக் கொலைகாரர். சாதி மானத்துக்காகக் கொல்கிறார். கொலையை விபத்து மாதிரி, தற்கொலை மாதிரிச் செய்துவிட்டுச் சாதுவாக நடந்து போகிறார். கொலை அவருக்குக் குலசாமிக்குச் செய்கிற ஊழியம். ‘வேலை’ என்று சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது, ஏனென்றால் அவர் அதை வேலையாக நினைக்கவில்லை, கடமையாக நினைக்கிறார். நாயகிக்கு இந்த மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பரியனுக்குத் தெரிந்ததை அவளிடம் கடைசிவரை சொல்லவும் முடியாது. கொலைகாரனோடு பழகுகிற பெண் என்கிற வேடிக்கையின் நிஜமான தமிழ் வடிவம் இதுதான்: அவள் கொலைகாரர்களோடு ஒரே உறவுமுறைக்குள், ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், தெரியாமல்.

அப்படியானால் சிரிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். சிரிப்பு அதிகாரத்துக்கு எதிரானது என்று பக்தின் பெயரைச் சொல்லி நாம் பல பக்கங்கள் எழுதியிருக்கிறோம். ஆனால் எந்த அதிகாரத்தை நோக்கிச் சிரிக்கிறோம் என்பது முக்கியம். போலி ரௌடியின் சவடாலைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், அவன் நம்மைப் போன்ற ஏழை. குடும்ப மானம், சாதிக் கௌரவம் என்று மீசையை முறுக்கிக்கொண்டு, கூலிக்கு ஆள் பிடிக்க இரவில் டார்ச் லைட்டோடு புறப்படுகிற பெரிய மனுஷனைச் சிரிப்புக்கு இடமாக்கிய படம் எது? பேரம் பேசுகிறபோது அவனுக்கு வருகிற நடுக்கம், கஞ்சத்தனம், மகளுக்குச் சேர்த்து வைத்த நகைப் பணத்தையே எடுத்து அவளுடைய புருஷனைக் கொல்லத் தருகிற கணக்கு: இவற்றில் இருக்கிற அபத்தத்தை ஒரு நல்ல கூத்துக் கட்டியங்காரன் விடிய விடியப் பிடித்துக்கொண்டு ஆடுவான்.

‘மிஸ்டர் ரைட்’ போல, கூலி கொடுத்தவன் பக்கம் துப்பாக்கியைத் திருப்புகிற நாயகன் நமக்கு வேண்டாம், கொலைக்குக் கொலை பதிலாகாது. கேமரா திரும்பினால் போதும். அப்பன் இருக்கிற வீட்டில் இந்தக் கதையை எடுத்துக் காட்டுங்கள். அத்தையும் சிரிக்கிறாரா பார்க்கலாம்.