கணிப்பவள் பொறியான கதை

'கம்ப்யூட்டர்' என்பது ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ஆளின் பெயர்; உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள். இரண்டாம் உலகப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று ராணுவத்துக்காகக் கணித்த பெண்களுக்கு உத்தியோகப் பெயரே அதுதான். ஒரு குண்டின் பாதைக்கு முப்பது, நாற்பது மணி நேரக் கைக்கணக்கு. நம்மிடம் அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது ஏற்கனவே எந்திரமாகியிருந்தது. 'கணிப்பொறி' என்று சொல்லும்போது அந்த ஆள் இல்லவே இல்லை.

1945இல் அவர்களிலிருந்து ஆறு பேர் எனியாக் எந்திரத்துக்குத் தேர்வானார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். சுமார் 18,000 வால்வுகள் கொண்ட எந்திரம். நிரல்மொழி கிடையாது, கையேடு கிடையாது. சுற்று வரைபடங்களைக் கையில் கொடுத்து, நீங்களே புரிஞ்சுக்குங்க என்று விட்டுவிட்டார்கள். எந்த அலகு எப்போது இயங்கணும், எந்தக் கேபிள் எங்கே போகணும் என்பதை அவர்களே யோசித்தார்கள். அன்று அது எந்திரத்தைத் 'தயார்செய்கிற' எடுபிடி வேலை. கட்டுவதுதான் ஆண்களின் 'பொறியியல்'. வன்பொருள்/மென்பொருள் என்கிற எதிர்வுக்குள் ஆண்/பெண் படிநிலை அப்படித்தான் நுழைந்தது.

1946 பிப்ரவரியில் நடந்த பொதுக் காட்சியில் ஓடியது ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் வகுத்த குண்டுப்பாதைக் கணக்கு. குண்டு பறக்கும் நேரத்துக்குள் விடை வந்துவிட்டது. அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்கிற மாணவி பழைய புகைப்படத்தைக் காட்டி இவர்கள் யார் என்று கேட்டபோது கிடைத்த பதில்: ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் நிற்பவர்கள் மாதிரி, சும்மா அழகுக்கு நிறுத்தியவர்கள்!

இன்று அவர்கள் 'முன்னோடிகள்'. இந்த மீட்டெடுப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல். பெண் படத்துக்குள் திரும்பி வந்துவிட்டாள். அவள் கணித்த குண்டு யார் தலையில் விழும் என்பது இன்னமும் படத்துக்கு வெளியேதான் இருக்கிறது. பொதுக் காட்சிக்கு முன்பே, 1945 டிசம்பரில், எனியாக்கில் ஓடிய முதல் பெரிய கணக்கு லாஸ் அலமோஸிலிருந்து வந்த ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு. விருந்துக்குக் கூப்பிடலையே என்று கோபப்படுகிற நாம் இதைக் கேட்பதில்லை. இன்னொன்று: ஆறு பேர் எந்திரத்திடம் போன பிறகும் கைக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. அவர்களின் உத்தியோகப் பெயரையும் எந்திரம் எடுத்துக்கொண்டது. முன்னோடிப் பட்டியலிலும் அவர்கள் இல்லை.