எண்ணை நம்பிக் கண்ணை விட்டு

2018 கோடையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது ரசிகர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப அடிபட்ட எண் 134. நான்கு ஆண்டுக்கு முன் அதே நாட்டில் ஐந்து டெஸ்ட்களில், பத்து இன்னிங்ஸ்களில் விராட் கோலி எடுத்த மொத்த ரன் அது. சராசரி 13.40. அந்தத் தொடரில் நான்கு முறை அவரை வீழ்த்தியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். எனவே 2018 தொடரே இந்த இருவரின் சண்டைதான் என்று ஆகிப்போனது. ஆண்டர்சன் கையில் இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்து இருந்தால் கோலி தாங்க மாட்டார் என்றது ஒரு கட்சி. இவர் பழைய கோலி இல்லை என்றது மறுகட்சி. தொடர் முடிந்தபோது கோலியின் கணக்கு 593 ரன். ஆண்டர்சனால் அவரை ஒரு முறைகூட ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. அப்படியும் இந்தியா 1-4 என்று தோற்றது. மறுகட்சி சொன்னது அப்படியே பலித்தும் தொடரின் முடிவைப் பற்றி அதற்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

டெஸ்ட் தொடருக்கு முன் யார் யாரைவிட மேல் என்று எடைபோடும் இந்தப் பழக்கத்தில் இரண்டு வேலைகள் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. ஒன்று, எண்ணுவது: சராசரி, இந்த நாட்டில் எத்தனை விக்கெட், இவரிடம் அவர் எத்தனை முறை அவுட். மற்றொன்று, பார்ப்பது: முன்கால் எங்கே போகிறது, எந்த நீளத்தில் பந்து விழுந்தால் மட்டை உடம்பை விட்டு விலகுகிறது, பந்துவீச்சாளரின் மணிக்கட்டு எப்படி இருக்கிறது. பல்லாண்டு ஆட்டம் பார்த்த ரசிகரின் கண் பெரும்பாலும் நம்பத் தகுந்தது. கணக்கில்தான் அவர் சறுக்குகிறார். ஆனால் வாதம் முற்றும்போது அவர் கண்ணை விட்டுவிட்டு எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார். எண் என்றால் எதிராளி வாயடைத்துப் போவார் என்ற நம்பிக்கை.

எண் எவ்வளவு நோஞ்சான் என்பதற்கு அதே 2018 தொடரின் முதல் டெஸ்டைப் பார்க்கலாம். எட்ஜ்பாஸ்டனில் கோலி 21 ரன்னில் இருந்தபோது ஆண்டர்சன் பந்து மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நின்ற டேவிட் மலானிடம் போனது. மலான் விட்டுவிட்டார். கோலி அந்த இன்னிங்ஸில் 149 அடித்தார். அந்த ஒரு கேட்ச் கையில் நின்றிருந்தால் ‘ஆண்டர்சன் ஒரு முறைகூட’ என்ற வாக்கியமே இன்று இல்லை. கோலியின் தொடர் சராசரியும் வேறு. பத்து இன்னிங்ஸ் என்பது அவ்வளவு சின்னக் கணக்கு. நழுவிய கேட்ச் மட்டையாளரின் கணக்கிலும் பந்துவீச்சாளரின் கணக்கிலும் பதிவாவதில்லை. ஆனால் 2014இல் கண் பார்த்துச் சொன்னது வேறு வகை: ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து விலகும் பந்தைத் துரத்தி ஆடுகிறார், பந்து உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே நிற்கிறார் என்பது. கோலியே பின்னாளில் தன் நிற்கும் முறையில்தான் கோளாறு இருந்தது என்று விளக்கினார். 2018இல் கிரீஸுக்கு வெளியே நின்று, ஸ்விங் முழுதாக விரியுமுன் பந்தைச் சந்திக்க முயன்றார். கண் சொல்லும் குறை நிபந்தனையோடு வருகிறது: இன்ன இடத்தில் நின்றால், இன்ன பந்து வந்தால். அந்த நிபந்தனை மாறினால் தீர்ப்பு காலாவதி ஆகிவிட்டது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். 13.40 என்ற எண்ணுக்கு அந்தத் திறன் கிடையாது.

டேவிட் வார்னரும் ஸ்டூவர்ட் பிராடும் இதைவிடத் தெளிவான சோடி. 2017-18 ஆஷஸில் ஐந்து டெஸ்ட்டிலும் பிராட் ஆடினார். வார்னர் 441 ரன் எடுத்தார். அந்த எண்ணை மட்டும் வைத்து 2019 ஆஷஸுக்கு முன் பந்தயம் கட்டியவர் வார்னர் பக்கம்தான் நின்றிருப்பார். இங்கிலாந்தில் நடந்ததோ தலைகீழ்: பத்து இன்னிங்ஸில் 95 ரன், ஏழு முறை பிராடிடம் அவுட். பிராட் ரவுண்ட் த விக்கெட் வந்து, இடது கையாளரின் ஸ்டம்புகளை நோக்கிப் பந்தைச் செலுத்தி, அங்கிருந்து நேராகவோ வெளியேவோ போகவைத்தார். ஆடாமல் விடவும் முடியாது, ஆடினால் விளிம்பு. இதை முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் கோணத்தையும் டியூக்ஸ் பந்தையும் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

கண்ணுக்கு எல்லைகள் இல்லை என்று நான் வாதிடவில்லை. 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு அஷ்வின் விரித்த வலை, இந்த அலசல் கலையின் உச்சம் என்று சொல்லத்தக்கது. லெக் பக்கம் ஆளை நிறுத்தி, ஸ்டம்புகளை விட்டு விலகாத கோட்டில் வீசி, ஸ்மித் தாராளமாக ரன் எடுக்கும் இடத்தையே அடைத்தார்கள். அடிலெய்டில் ஸ்மித் 1 ரன்னில் அஷ்வினிடம் அவுட். மெல்போர்னில் ரன் எடுக்காமலே லெக் பக்கம் நின்ற புஜாராவிடம் கேட்ச். ரசிகர்கள் ‘ஸ்மித் முடிந்தார்’ என்று எழுதி முடிக்குமுன் சிட்னியில் 131, 81 என்று அடித்தார். அஷ்வினைக் கால் நகர்த்தித் துணிந்து ஆடினார், அவ்வளவுதான். நல்ல அலசலின் ஆயுளே இரண்டு டெஸ்ட்தான் என்றால், தொடருக்கு முன் வழங்கும் தீர்ப்புக்கு எவ்வளவு ஆயுள் இருக்க முடியும்?

ஆளுக்கு ஆள் சோடி கட்டுவதில் இன்னொரு ஓட்டை உண்டு. தொடர்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். அதே தொடரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டபின், கோலியும் நாடு திரும்பியபின், 4-0 என்று சொன்னவர்கள் ரசிகர்கள் மட்டுமல்லர்; மைக்கேல் வான் போன்ற முன்னாள் கேப்டன்களும்தான். ஆகவே குற்றத்தை ரசிகரின் பாசத்தின் மேல் போட முடியாது. பாசம் இல்லாதவர்களும் அதே தராசைத்தான் வைத்திருந்தார்கள். பிரிஸ்பேனில் இந்தியாவின் பந்துவீச்சைத் தாங்கிய ஐவர் சிராஜ், சைனி, ஷர்துல் தாகூர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். ஐவருக்கும் சேர்த்து அதற்கு முன் இருந்த அனுபவம் நான்கு டெஸ்ட். எதிரே கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட், நூறாவது டெஸ்ட் ஆடும் லயன். எந்தப் பட்டியலிலும் இந்தச் சோடி ஒப்பீட்டுக்கே தகுதி இல்லாதது. 1988க்குப் பின் ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் இந்தியா 328 ரன்னைத் துரத்தி வென்றது. முதல் பதினொருவரைத் தட்டில் ஏற்றிப் பார்க்கும் ரசிகர், டெஸ்ட் தொடர் என்பது பதினெட்டாவது, இருபதாவது ஆள் வரை இறங்கிவிடக்கூடிய ஓட்டம் என்பதைக் கணக்கில் வைப்பதில்லை.

2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் இதே ஓட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பும்ரா ஆஸ்திரேலியர்களை ஆட்டிவைப்பார், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கோலி சிக்குவார் என்ற இரண்டு முன்கணிப்பும் அச்சுப் பிசகாமல் பலித்தன. பும்ரா 13.06 சராசரியில் 32 விக்கெட்; கோலி பெர்த்தில் ஒரு சதம் அடித்தும் மொத்தம் 190 ரன், நான்கு முறை போலண்டிடம் அவுட். ஆனால் 151 ஓவருக்கு மேல் வீசிய பும்ராவின் முதுகு சிட்னியில் மறுத்துவிட்டது. கடைசி இன்னிங்ஸில் அவர் பந்தைத் தொடவில்லை. 162 ரன்னை ஆஸ்திரேலியா நான்கே விக்கெட் இழந்து எடுத்துத் தொடரை 3-1 என்று முடித்தது. உலகின் சிறந்த பந்துவீச்சாளர் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு எல்லோரிடமும் சரியான விடை இருந்தது. அவருக்கு ஓய்வு தரும் அளவுக்கு மற்ற இருவர் வீசுவார்களா என்று கேட்டவர்கள் சொற்பம்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இவ்வளவு தர்க்கம் என்று கேட்கலாம். ரசிகர்களின் தராசும் அணி நிர்வாகத்தின் தராசும் பல நேரம் ஒன்றே என்பதுதான் என் பதில். 2024 அக்டோபரில் நியூசிலாந்து இந்தியா வந்தபோது, இலங்கையில் 0-2 என்று தோற்ற கையோடு வந்தது. வில்லியம்சன் இல்லை. இந்தியா சொந்த மண்ணில் 2012க்குப் பின் தொடர்ந்து 18 தொடர்களை வென்றிருந்தது. எடைபோடவே தேவையில்லை என்ற நிலை. பெங்களூருவில் மேகமூட்டத்தில் முதலில் மட்டை பிடித்து 46 ரன்னில் வீழ்ந்ததை, ஆடுகளத்தைத் தவறாகக் கணித்த விபத்து என்று ரோகித் சர்மா ஏற்றுக்கொண்டார். அடுத்து வந்த புனேதான் யோசிக்கவைப்பது. சுழல் எடுக்கும் ஆடுகளம் தயாரானது. அதன் பின்னால் இருந்த தர்க்கம் எந்த ரசிகரும் சொல்லக்கூடியது: நம்மிடம் அஷ்வின், ஜடேஜா, அவர்களிடம் யார்? அவர்களிடம் இருந்த மிட்செல் சான்ட்னர் அதுவரை டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்ததே இல்லை. புனேயில் 13 விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் நியூசிலாந்தின் பத்து விக்கெட்டையும் இரண்டு சென்னை ஆஃப் ஸ்பின்னர்கள், வாஷிங்டன் சுந்தர் ஏழும் அஷ்வின் மூன்றுமாகப் பங்குபோட்டும் இந்தியா 113 ரன்னில் தோற்றது. இத்தனைக்கும் தொடர் தொடங்கும்போது சுந்தர் அணியிலேயே இல்லை. மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட் எடுக்க, தொடர் 0-3. மிகையாகச் சுழலும் ஆடுகளம் தேர்ந்த ஸ்பின்னருக்கும் சுமாரானவருக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துவிடுகிறது. அஷ்வினின் காற்றில் மிதக்கும் ஏமாற்று வித்தை தட்டையான ஆடுகளத்தில்தான் அவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும். பந்தை ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் குத்தினாலே விக்கெட் விழும் மண்ணில் அந்த வித்தைக்குத் தேவை குறைவு. அந்தத் தொடரில் அஷ்வின் எடுத்தது ஒன்பது விக்கெட், சராசரி 41.22. நம் ஆள் பெரியவர் என்ற கணக்கு சரி. அதை நம்பி, பெரியவர் சிறியவர் வித்தியாசம் மங்கும் ஆடுகளத்தைக் கேட்டதுதான் பிழை.

அப்படியானால் எண்ணே வேண்டாமா என்றால், கேட்கும் எண்ணைப் பொறுத்தது. 2020-21இல் புஜாரா எடுத்தது 271 ரன், சராசரி 34க்குக் கீழே. சராசரியால் எடைபோட்டால் நடுத்தரம். அவர் சந்தித்த பந்துகள் 928. பிரிஸ்பேனின் கடைசி நாளில் உடம்பெங்கும் அடிவாங்கிக்கொண்டு 211 பந்தில் 56 எடுத்தார். நான்காவது டெஸ்டின் நான்காவது இன்னிங்ஸில் களைத்துப்போயிருந்த அதே பந்துவீச்சைத்தான் பண்ட் அடித்து 89 நாட் அவுட்டாக நின்றார். சந்தித்த பந்துகள், வீசிய ஓவர்கள், இரண்டு டெஸ்டுக்கு நடுவில் எத்தனை நாள் என்ற எண்களுக்கு ரசிகர் பேச்சில் மவுசு இல்லை. கேட்கக் கவர்ச்சியாக இல்லாததைத் தவிர அவற்றிடம் வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

சுப்மன் கில் கேப்டனாக 2025இல் இங்கிலாந்து போனபோது அங்கே அவர் கணக்கு மூன்று டெஸ்டில் 88 ரன். வீட்டில் புலி, வெளியில் எலி என்று முடிவு கட்டப்பட்டது. ஐந்து டெஸ்டில் 754 ரன் அடித்துவிட்டு வந்தார். பும்ரா ஆடாத எட்ஜ்பாஸ்டன், ஓவல் இரண்டிலும் இந்தியா வென்றதால், அவர் இல்லாதபோதுதான் அணி ஜெயிக்கிறது என்ற புதுக் கணக்கும் கிளம்பியது. அதற்கு ஆதாரமாக இருப்பது இரண்டே டெஸ்ட். எட்ஜ்பாஸ்டனில் கில் தனியாளாக 430 ரன் குவித்ததும், ஆகாஷ் தீப் புதுப் பந்தில் பத்து விக்கெட் எடுத்ததும், ஓவலில் சிராஜ் கடைசிக் காலை வரை வீசி ஆறு ரன்னில் ஆட்டத்தை இழுத்துப் பிடித்ததும் அந்தக் கணக்கில் வரவில்லை. அடுத்த இங்கிலாந்துப் பயணத்துக்கு முன் கில் பெயருக்கு எதிரே 75.40 என்று எழுதுவார்கள். அதுவும் பத்து இன்னிங்ஸ்தான்.