ஹென்றி எதை மறைக்கிறான்?

"கோழையாக ஓடிய ஹென்றி இறுதியில் வீரனாகிறான்." ஸ்டீபன் கிரேனின் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' நாவலுக்குப் பாத்திரப் படைப்பு எழுதச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டால் நாவலின் பாதி கைநழுவிப் போகும்.

கதை தெரிந்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர். போர்க் கனவோடு வடக்குப் படையில் சேர்ந்த ஹென்றி, எதிரிகள் இரண்டாம் முறை பாய்ந்து வரும்போது துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். மறுநாள் கொடியை ஏந்தி முன்னால் போகிறான். 1895-இல் நூலாக வந்தது. அப்போது கிரேனுக்கு வயது 24 கூட நிரம்பவில்லை. போர் முடிந்து ஆறு ஆண்டுக்குப் பின் பிறந்தவர், போர்க்களத்தையே பார்க்காமல் எழுதினார். அவர் பார்த்தது மனத்தை.

ஓடியபின் ஹென்றி என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள், மாணவர்களே. காட்டில் ஓர் அணில் மீது பைன் காயை எறிகிறான். அது ஓடுகிறது. பார்த்தாயா, இயற்கையே ஓடத்தான் சொல்கிறது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான்! கொஞ்ச தூரத்தில், கோயில் போல அமைதியான மரநிழலில், எறும்பு ஊரும் பிணம் ஒன்று அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அணில் சொன்ன ஆறுதல் அங்கேயே போச்சு.

நாவலின் தலைப்பு குறிக்கும் சிவப்பு அடையாளம் என்பது காயம். அது ஹென்றிக்கு எப்படிக் கிடைக்கிறது? எதிரியின் குண்டால் அல்ல. தன்னைப் போலவே ஓடிவரும் தன் படை வீரன் ஒருவனைத் தடுத்துக் கேள்வி கேட்கப் போய், அவன் துப்பாக்கிக் கட்டையால் தலையில் வாங்கிய அடி. முகாமுக்குத் திரும்பியதும், குண்டடி பட்டது என்கிறான். நண்பன் வில்சன் நம்பிக் கட்டுப் போடுகிறான். அந்தப் பொய்யை ஹென்றி கடைசிவரை திருத்தவே இல்லை. மறுநாள் காட்டும் வீரம் உண்மைதான். ஆனால் அது நிற்கும் தரை இது. கட்டுரையில் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடும் பாத்திரம், கந்தல் உடைச் சிப்பாய். பெயர்கூட இல்லாதவர். தானே காயப்பட்டவர், ஹென்றிக்கு எங்கே அடிபட்டது என்று அக்கறையோடு விசாரிக்கிறார். அந்தக் கேள்விதான் ஹென்றியைக் குத்துகிறது. ஜிம் காங்க்ளின் இறந்த பின், நினைவு தடுமாறும் அந்த மனிதரை வயல்வெளியில் தனியே விட்டுவிட்டுப் போகிறான். பயந்து ஓடியது ஒரு நொடியில் நடந்தது. இது தெரிந்தே செய்தது. கடைசி அத்தியாயத்திலும் அவனைத் துரத்துவது இந்த நினைவுதான். அதையும் சற்று நேரத்தில் தூரத் தள்ளிவிட்டு, தான் முழு மனிதனாகிவிட்டதாக நினைக்கிறான். அந்த நினைப்பை ஆசிரியர் ஏற்கிறாரா, கிண்டல் செய்கிறாரா? விமர்சகர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் கிண்டல் கலந்திருப்பதாகவே படுகிறது.

கிரேன் 1896-இல் 'தி வெட்டரன்' என்ற சிறுகதை எழுதினார். அதில் கிழவனாகிவிட்ட ஹென்றி, சான்சலர்ஸ்வில் போரில் தான் பயந்து ஓடியதை ஊரார் முன்னால், பேரன் காதுபட, சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறான். கந்தல் உடைச் சிப்பாயைப் பற்றி அங்கேயும் பேச்சில்லை.