பிரம்பா, பொறுப்பா? இரு நாவல்களும் வன்னி வகுப்பறையும்

வளரிளம் பருவத்தினரிடையே மூளும் வன்செயலைத் தடுப்பது பொலிசாரின் வேலை, அன்றேல் ஆசிரியரின் பிரம்புக்குரிய வேலை என்ற கருத்தே நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதில் இலக்கியத்துக்கு என்ன பணி என்று கேட்போரும் உளர். பணி உண்டு. ஓர் இளைஞன் எத்தகையவன் என்ற சித்திரத்தைச் சமுதாயத்தின் மனத்தில் தீட்டுவதில் கதைக்குப் பெரும் பங்குண்டு. அச்சித்திரம் எவ்வாறு அமைகிறதோ அவ்வாறே நாம் அவனை நடத்துகிறோம்.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் உள்ள பூவரசங்குளத்தில், அப்பகுதிப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவரோடு அண்மையில் உரையாட நேர்ந்தது. விளையாட்டுத் திடலில் தொடங்கும் வாய்த்தர்க்கம் வீதியில் கைகலப்பாகிறது. பின் வெளியிலுள்ள மூத்த பெடியன்களின் காதுக்கு எட்டி, வாளாகவும் இரும்புக் கம்பியாகவும் திரும்பி வருகிறது. வடக்கெங்கும் 'வாள்வெட்டு' என்பது அன்றாடச் செய்திச் சொல்லாகிவிட்ட கொடுமையை அவர் கவலையோடு எடுத்துரைத்தார். முடிவாக, "பிரம்பையும் பறித்துவிட்டார்கள். இனி இந்த விலங்குகளை எதைக்கொண்டு கட்டுவது?" என்றார். நண்பர் கல்நெஞ்சர் அல்லர், நன்கு படித்தவர். தம் கூற்றுக்குச் சான்றாக அவர் காட்டியதும் ஒரு நாவலையே.

அந்நாவல், வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட 'லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்'. போர்க்காலத்தில் வெளியேற்றப்படும் ஆங்கிலச் சிறுவர் சிலர் ஆளில்லாத் தீவொன்றில் தனித்து விடப்படுகின்றனர். முதலில் கூட்டம் கூடுகின்றனர், தலைவனைத் தெரிகின்றனர், ஒழுங்குகள் வகுக்கின்றனர். பின்னர் வேட்டைக் கும்பலாகித் தம் தோழரையே கொல்கின்றனர். கட்டுப்பாடு நீங்கினால் சிறுவனுள் உறையும் விலங்கு வெளிப்படும் என்பதே இதன் பாடம் என உலகெங்கும் வகுப்பறைகளில் ஓதப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் நாவலின் இறுதியை ஊன்றி நோக்குக. சிறுவரை மீட்க வருபவன் ஒரு போர்க்கப்பலின் அதிகாரி. அவர்களது காட்டுமிராண்டித்தனத்தைக் கண்டு அவன் முகஞ்சுளிக்கிறான். அவனுடைய கப்பலோ வேறோர் மனித வேட்டையின் நடுவே நிற்கிறது. பாடசாலை ஆசிரியராகவும் இரண்டாம் உலகப் போரில் கடற்படையினராகவும் இருந்த கோல்டிங் இம்முரணை அறிந்தே எழுதினார். எனினும் கதையின் விசை முழுவதும் பையனின் குருதியை நோக்கியே பாய்கிறது. போரை மூட்டியவர் யார், ஏன் மூட்டினர் என்ற கேள்வி கரையிலேயே நின்றுவிடுகிறது. அந்நாவலின் ஆற்றலும் குறைபாடும் இங்கேயே உள்ளன.

இந்நாவலுக்கு வாழ்க்கையே ஒரு மறுப்புரை எழுதியது. 1965இல் தொங்கா நாட்டு விடுதிப் பாடசாலை மாணவர் அறுவர், கேளாமல் எடுத்த படகிலே கடலோடிப் புயலில் சிக்கி, அட்டா என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். ஏறத்தாழப் பதினைந்து மாதங்களின் பின், 1966 செப்டெம்பரில், பீற்றர் வோர்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பலோட்டி அவர்களைக் கண்டபோது, அறுவரும் நலமாயிருந்தனர். முறைவைத்து வேலை செய்தனர். மூட்டிய தீயை அணையவிடாது காத்தனர். ஒருவன் காலொடிந்து விழ, மற்றவர் கட்டுப்போட்டுப் பேணினர். சச்சரவு எழுந்தபோது, சினந்தோர் தணியும்வரை விலகியிருந்து பின் கூடினர். அறுவரைக்கொண்டு மனிதகுலத்தை அளந்துவிட முடியாதுதான். ஆனால் சிறுவர் தனித்து விடப்பட்டால் விலங்காவது இயற்கை நியதி என்ற வாதம் இங்கே தகர்கிறது.

நம் மண்ணுக்கு வருவோம். வன்னியில் சிறுவன் கையில் ஆயுதத்தைத் திணித்தது தீவின் தனிமையன்று. இயக்கம் அவனைப் படையிற் சேர்த்தது. அரசின் குண்டுகள் அவன் குடியிருப்பின்மீது விழுந்தன. 2009இல் போர் முடிந்தபின், 594 சிறுவர் சிறுமியர் முன்னாள் போராளிகளாகப் பதியப்பட்டுப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் மீண்டும் புத்தகமும் கையுமாக அமர்ந்தனர். பூவரசங்குளத்துக்கு அப்பால், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், இலட்சக்கணக்கான மக்கள் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேதான் அது மூடப்பட்டது. இன்று பத்தாம் ஆண்டில் பயிலும் மாணவன் போர் முடிந்தபின் பிறந்தவன். ஆயினும் இவற்றைக் கண்டவர்களே அவனுக்குத் தந்தையும் தாயும் ஆசிரியரும் ஆயினர். முதியோர் தொடக்கிய கணக்கைப் பையனின் பெயரில் எழுதிவிட்டு, அவனை விலங்கென்பது எவ்வகை நீதி?

நண்பருக்கு மாற்றாக நான் முன்வைத்தது அன்ரன் மகரென்கோவின் 'கல்விக் காவியம்'. 1920இல் உக்ரேனின் பொல்ற்றாவா நகரருகே, உள்நாட்டுப் போர் அநாதைகளாக்கித் திருட்டுக்கும் கொள்ளைக்கும் துரத்திவிட்ட இளைஞருக்கென அவர் ஒரு குடியிருப்பை நடத்தினார். அவ்வனுபவமே 1933க்கும் 1935க்கும் இடையில் நூலாக வெளிவந்தது.

"மகரென்கோவே அடித்தாரே!" என்றார் நண்பர். உண்மை. விறகு வெட்டச் சொன்னபோது இறுமாப்பாகப் பதிலளித்த சதோரவ் என்ற இளைஞனை அவர் அறைகிறார். அதன்பின் ஒழுங்கு பிறந்ததென்பதும் கதையில் உள்ளது. பிரம்பை விரும்புவோர் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அடுத்த காட்சியையும் படிக்க வேண்டாமா? தம்மைவிட வலிமை மிக்க அவ்விளைஞர் கையில் கோடரிகளைக் கொடுத்து, அவர்களோடு தாமே காட்டுக்குச் சென்று மகரென்கோ மரம் வெட்டுகிறார். கோடரி தம்மீதே பாயலாம் என்ற அச்சம் அவருக்கு இல்லாமலில்லை. அறைந்ததை அவர் வெற்றியாகக் கொண்டாடவில்லை. தம் முறையின் தோல்வியாகவே உணர்ந்தார். இளைஞரை வென்றது அறையன்று, கோடரியை ஒப்படைத்த நம்பிக்கையே என்பது என் வாசிப்பு.

நூலில் பின்னர் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. கரபானவ் என்ற முன்னாள் கள்வனிடம் அவர் 500 ரூபிள் பணத்தைப் பெற்றுவரும் அதிகாரத்தைக் கொடுத்து அனுப்புகிறார். பின்னொருமுறை 2,000 ரூபிளுக்கு. கொண்டுவந்த பணத்தை எண்ணிப்பார்க்குமாறு அவன் வற்புறுத்த, அவர் எண்ணாமலே மேசை இழுப்பறையில் போடுகிறார். அப்பாத்திரத்துக்கு மூலமான கலபாலின் பிற்காலத்தில் தாமே ஓர் ஆசிரியராகி, அநாதைச் சிறுவரை வளர்த்தெடுத்தார். இதைவிடச் சிறந்த திறனாய்வுரை அந்நூலுக்கு வேறில்லை.

மகரென்கோவையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. அவரது குடியிருப்பில் கொடியும் ஊதுகுழலும் அணிவகுப்பும் உண்டு. சீருடையணிந்து அணிவகுத்த பிள்ளைகள் வீடு திரும்பாத ஒரு நிலத்தில் அவற்றைக் கடன்வாங்குவது பெருந்தவறாகும். நாம் எடுக்க வேண்டியவை இளைஞரே கூடித் தம் விவகாரங்களைத் தீர்த்த குழுத் தலைவர் மன்றமும், உழைப்பில் பெற்ற தன்மதிப்புமே.

பிரம்பின் கதையை நம் நீதிமன்றமும் கேட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்தண்டனையை விலக்கியது. இருந்தும் தெற்கிலே ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் பதினைந்து வயது மாணவன் ஒருவனின் செவிப்புலன் கெட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலெனத் தீர்த்து, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு வழங்க ஆணையிட்டது. அறை ஒன்றே, நாவலில் அது காவியமானது, வாழ்க்கையில் ஒரு பிள்ளையின் காதைப் பறித்தது. ஆனால் சட்டம் ஓங்கிய கையைத் தடுக்குமேயன்றி, அக்கையில் வேறொன்றைத் தாராது. பிரம்பை இழந்த ஆசிரியர் வெறுங்கையோடு நிற்கிறார் என்ற நண்பரின் குறையில் உண்மை இருக்கிறது.

அவ்வெறுங்கையில் வைக்க வேண்டியது பொறுப்பு. அதுவும் ஆசிரியர் தம்மிடமே வைத்துக்கொள்வதற்கன்று, மாணவனிடம் கொடுப்பதற்கு. நூலகத்தின் திறவுகோலை, விளையாட்டுப் பொருள்களின் கணக்கை, போட்டி நாளின் ஒழுங்கைக் குழப்படிக்காரன் எனப் பெயரெடுத்தவனிடமே ஒப்படைத்தால் என்ன? சண்டையிட்ட இரு பக்கத்தாரும் அமர்ந்து பேசும் மாணவர் மன்றத்தை, பகை வீதிக்குப் போகுமுன் கூட்டினால் என்ன? இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆபத்து மட்டும் உண்டு. கோடரியை ஒப்படைத்த ஆசிரியன் ஏற்ற ஆபத்து அது.

எழுத்தாளர்க்கும் இதில் பங்குண்டு. வாள் தூக்கிய இளைஞனைக் கொடியனாகவோ வீரனாகவோ தீட்டும் கதைகள் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன: அவனை அவன் பிறந்த சூழலிலிருந்து பிரித்துவிடுகின்றன. அவனை மனிதனாகக் காட்டும் கதை நமக்கு வேண்டும். விடைபெறும்போது நண்பர் மகரென்கோவை இரவல் கேட்டார், மகிழ்வோடு கொடுத்தேன்.