விற்பவனும் நடத்துபவனும்
தெரிந்து வினையாடல் அதிகாரத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஈப்போவில் மருந்துச் சரக்கு விற்பனை செய்துவரும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் எம்மைக் காண வந்தார். அவருடைய தகப்பனார் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலே பால் வெட்டியவர். அத்தோட்டம் இன்று பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டது. மகனோ பத்தாண்டுகளாகத் தைப்பிங், கம்பார், தெலுக் இந்தான் என்று ஊர் ஊராய்ச் சென்று சரக்கு விற்கிறார். அவருடைய கம்பெனியில் அவரைவிட அதிகம் விற்பவர் இல்லை. அந்த ஒரே காரணத்தைக் கொண்டு அவரை மானேஜராக உயர்த்துவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொள்வதா, வேண்டாவா என்பதே கேள்வி.

அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. திருக்குறளை வைத்துக்கொண்டு ‘முன்னேற்றம்’ போதிக்கும் நூல்களுள் அதுவும் ஒன்று. இந்நூல்களைப் பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்லியே ஆகவேண்டும். இவற்றை எழுதுவோர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை ஆகிய இரண்டு அதிகாரங்களுக்கு அப்பால் பெரும்பாலும் போவதில்லை. வள்ளுவர் முயலச் சொன்னார், ஆகவே ஏணி எங்கே கிடைத்தாலும் ஏறு என்பதே இவர்கள் காணும் பொருள். ஏணி எந்தச் சுவரில் சாத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்ன அதிகாரங்கள் அதே பொருட்பாலில் வரிசையாக நிற்கின்றன; அவற்றை இவர்கள் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. குறளைச் சுவரில் மாட்டிக் கும்பிடுவோரும், அதைத் துண்டு துண்டாக நறுக்கி விற்போரும் அந்நூலுக்கு ஒரே தீங்கைத்தான் செய்கின்றனர்.

நிற்க. இளைஞரின் கேள்விக்கு உரிய இடம் 52-ஆம் அதிகாரமாகிய தெரிந்து வினையாடல். ஒருவனை ஆராய்ந்து தெளிவது எப்படி என்பது அதற்கு முந்திய அதிகாரம். தெளிந்தபின் அவனிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பது இந்த அதிகாரம். இதன் நான்காம் குறள் 514. எல்லா வகையாலும் சோதித்துத் தேறிய பின்னரும், செயலில் இறங்கும்போது, அச்செயலின் வகையினாலேயே வேறுபட்டுப் போகிறவர் பலர் என்பது அதன் கருத்து. ‘சிலர்’ என்று சொல்லாமல் ‘பலர்’ என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

இக்குறளுக்குப் பரிமேலழகர் கட்டியங்காரனை உதாரணம் காட்டுகிறார். சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் தன் அமைச்சனாகிய கட்டியங்காரனை நம்பி அரசை ஒப்படைத்து அந்தப்புரத்தில் தங்கினான். அமைச்சன் அரச இன்பத்துக்கு ஆசைப்பட்டு மன்னனையே கொன்றான். உரை சிறந்த உரை, உதாரணமும் பொருந்தியதே. ஆயினும் உரையாசிரியர் இங்கே குறளின் வாயிலைச் சற்றுக் குறுக்கிவிட்டார் என்பது எமது அபிப்பிராயம். அவர் காட்டுவது ஒழுக்கக் கேடு: பதவி வந்தது, புத்தி கெட்டது. வள்ளுவரோ கேட்டைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் ‘வேறாவதை’ மட்டும் சொல்லி, அதற்குக் காரணமாக வினையின் வகையைக் காட்டுகிறார். புத்தி சிறிதும் கெடாத நல்லவன்கூட, ஒரு வேலையில் வல்லவனாயிருந்து, மற்றொரு வேலைக்கு மாற்றப்பட்டவுடன் வேறு ஆளாகிவிடலாம். துரோகி ஒருவனைச் சொல்லி நிறுத்தினால் படிக்கிறவர் அனைவரும் ‘நான் துரோகியல்லேன், ஆகையால் இக்குறள் எனக்கன்று’ என்று தப்பித்துக்கொள்வர். எம்மைக் காண வந்த இளைஞரும் முதலில் அப்படித்தான் தப்பித்துக்கொண்டார்.

மேல்நாட்டார் இதை மிகவும் பிந்தியே கண்டனர். 1969-இல் லாரன்ஸ் பீட்டர் என்பார் ரேமண்ட் ஹல் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஒரு நூலில், ஒவ்வொருவனும் தனக்கு இயலாத பதவி வரும்வரை உயர்த்தப்பட்டுக்கொண்டே போகிறான் என்று பாதி வேடிக்கையாக எழுதினார். பென்சன், லீ, ஷூ என்னும் மூவர் 131 கம்பெனிகளின் விற்பனையாளர் கணக்குகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை அந்த வேடிக்கையை மெய்யாக்கிற்று. அதிகம் விற்றவரே பதவி பெறுகின்றனர். ஆனால் முன்பு அதிகம் விற்றவர் என்பது, அவருக்குக் கீழே இருப்போர் நன்றாக விற்பர் என்பதற்கு உறுதியாகவில்லை, எதிர்மாறாகவே பெரும்பாலும் இருந்தது. பிறரோடு கூடி வேலை செய்து பழகியவர்களே மேலாளராகச் சிறந்தனர்.

இனி, இரண்டு குறள்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். விற்பனையாளன் என்பவன் யார்? ஒருவருடைய பொருளையும் சொல்லையும் மற்றொருவரிடம் எடுத்துச் செல்பவன். பழைய நூல் வழக்கில் சொன்னால் தூதன். 69-ஆம் அதிகாரமாகிய தூதில், 682-ஆம் குறளில், தூதனுக்கு இன்றியமையாதவை மூன்று: அன்பு, அறிவு, ஆராய்ந்து பேசும் சொல்வன்மை. தெரிந்து வினையாடலில், 513-ஆம் குறளில், பொறுப்பை ஒப்படைக்கத் தக்கவனுக்கு வேண்டியவை நான்கு: அன்பு, அறிவு, தேற்றம், அவாவின்மை. முதல் இரண்டும் இருவருக்கும் பொது. அதற்கு மேலே வழி பிரிகிறது. தூதனுக்கு வேண்டிய சொல்வன்மை இங்கே இல்லை; அந்த இடத்தில் கலங்காத தெளிவும் ஆசையின்மையும் வந்து அமர்கின்றன.

இந்த ஒரு வேறுபாட்டிலேயே முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. விற்பனையாளனுக்கு அவா என்பது குற்றமன்று. அதுவே அவனுடைய எரிபொருள். மாத இலக்கு, கமிஷன், பலகையில் முதல் பெயர் என்ற ஆசை இல்லாதவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து தெலுக் இந்தானுக்கு வண்டி ஓட்டமாட்டான். மானேஜராகிறவனோ அந்த ஆசையைத்தான் முதலில் கீழே வைக்கவேண்டும். தான் ஐந்து நிமிஷத்தில் முடிக்கக்கூடிய வியாபாரத்தைப் புதியவன் ஒரு மணி நேரம் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கவேண்டும். முடிந்தால் புகழ் அவனுக்கு, கெட்டால் பழி தனக்கு. பத்தாண்டுகள் எந்தக் குணத்துக்காகச் சம்பளம் கொடுத்தார்களோ அந்தக் குணத்தையே விடச் சொல்கிறார்கள். இதற்கு ‘உயர்வு’ என்று பெயர்.

பேராக்கிலே வாழும் நமக்கு இதற்குக் கட்டியங்காரன் வரை போகவேண்டியதில்லை. நம் பாட்டனார் காலத்துத் தோட்டங்களில் கங்காணி இருந்தான். அவன் யார்? முதலில் விற்பனையாளன். தோட்டத்தின் அனுமதிச் சீட்டோடு தமிழ்நாட்டில் தன் சொந்தக் கிராமத்துக்குப் போய், மலாயா என்னும் சரக்கைத் தன் உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் விற்றான். வாங்கியவர்களைக் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கித் தோட்டத்துக்குக் கொண்டுவந்த பின், அதே ஆட்களுக்கு மேலாளன் ஆனான். விடியற்காலைப் பெரட்டிலே அவர்களை நிறுத்தி எண்ணினான். சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு. இந்திய அரசாங்கம் 1938-இல் தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தபோதுதான் கங்காணி ஆள்சேர்ப்புக்கு முடிவு வந்தது.

கங்காணியைத் திட்டித் தீர்ப்பது எளிது. நம் கதைகளும் மேடைகளும் அதைத் தாராளமாகச் செய்திருக்கின்றன. அவன் பிறவிக் கொடியவனா? கொடியவர்களும் இருந்தனர், துரைக்கும் லயத்துக்கும் நடுவே நின்று தன் ஊராருக்காகப் பேசியவர்களும் இருந்தனர். எமக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவன் மேலாளனான பிறகும் அவனுக்கு விற்பனையாளனின் கூலியே கிடைத்தது. காய்ச்சலில் கிடப்பவன் பெரட்டுக்கு வராவிட்டால் கங்காணிக்குக் காசு குறையும். இந்த ஏற்பாட்டில் அவாவின்மையை எங்கே போய்த் தேடுவது? குற்றம் அவன் குணத்தில் பாதி, கணக்குப் புத்தகத்தில் பாதி. அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் மூடப்படவில்லை. ஆட்களைச் சேர்த்துவிட்டு, அவர்கள் விற்கும் ஒவ்வொன்றிலும் மேற்பங்கு பெறுவதையே ‘மானேஜர்’ உத்தியோகம் என்று வழங்கும் வியாபாரங்கள் ஈப்போ வீதிகளில் உண்டு. நம் பிள்ளைகள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அவற்றில் சேருகின்றனர்.

இதற்கு மாறாகவும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1950-களில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். தொழிலாளர் வீதிக்கு வந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைப் பங்கு வாங்கும்படி கேட்டார். அதுவும் விற்பனைதான், கங்காணியின் பாதையிலேயே எதிர்த்திசையில் நடந்த விற்பனை. ஆனால் தோட்டம் கைக்கு வந்த அன்றே பேச்சின் வேலை ஓய்ந்து, மறுநடவு, பால் எடை, சம்பள நாள் என்ற வேறு வினை தொடங்கிவிடுகிறது. ஒன்றில் வென்றது மற்றொன்றில் வெல்வதற்கு அத்தாட்சியாகாது என்பதை எந்தக் கூட்டுறவுக்காரரும் ஒப்புவர்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம். பதவியை மறுத்தால் தாழ்வல்லவா என்று இளைஞர் கேட்டார். தாழ்வு என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? குன்றின்மேல் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, எல்லாவற்றிற்கும் கீழே லயம் என்று கட்டிவைத்த தோட்டத்திலிருந்து வந்தது; வருணத்தைப் படிக்கட்டாக அடுக்கிய நம் பழைய புத்தியிலிருந்தும் வந்தது. வள்ளுவர் தூதனை அமைச்சனுக்கு ஏறும் முதற்படியாக வைக்கவில்லை. அமைச்சு முதல் அவை அஞ்சாமை வரை பத்து அதிகாரங்கள். அவற்றினுள் சொல்வன்மையும் தூதும் சமமாக இடம் பெற்றிருக்கின்றன. தன் உயிருக்கே இறுதி வருவதாயினும் செய்தியைக் குறையாமல் சொல்பவன் தூதன் என்கிறார். இதைவிடப் பெரிய உத்தியோகம் எதுவென்று எமக்குத் தெரியவில்லை.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. 518-ஆம் குறள், ஒருவன் ஒரு வினைக்கு உரியவன்தானா என்று நாடிப் பார்த்த பின்னரே அவனை அதற்கு உரியவனாக ஆக்கச் சொல்கிறது. விற்பனைக் கணக்கைப் பார்ப்பது நாடுதல் ஆகாது. அது அவன் நேற்றுச் செய்த வினையின் கணக்கு. ஆகவே, உடனே ஒப்புக்கொள்ளாமல், புதியவர் இருவரைச் சில வாரங்கள் தம்மோடு அழைத்துச் சென்று பழக்க அனுமதி கேட்கும்படி இளைஞரிடம் சொன்னோம். மானேஜராகிவிட்டால் தமக்குச் சம்பளமா, அவர்கள் விற்பனையில் பங்கா என்பதையும் எழுத்தில் கேட்கச் சொன்னோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வந்தார். கம்பாரில் ஒரு மருந்துக்கடையில் புதிய பையனைப் பேசவிட்டுத் தாம் ஓரமாக நின்றாராம். பையன் விலையை முதலிலேயே சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

“நீர் என்ன செய்தீர், தம்பி?” என்றோம்.

“இரண்டு தடவை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன், ஐயா. மூன்றாம் தடவை என்னால் முடியவில்லை. நானே பேசி விற்றுவிட்டேன்.”

“பையன்?”

“திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.”

மாத முடிவில் அவர் பதில் சொல்லவேண்டும். நாளை தைப்பிங்குக்கு மறுபடியும் அந்தப் பையனை அழைத்துக்கொண்டு போகிறார்.