கோப்பெருந்தேவி: பெயரா, பதவியா?

பெயர் தேடி வந்தார் ஒரு நெசவாளத் தோழர். சென்ற திங்கள் அவர் இல்லத்தில் பெண் குழந்தை பிறந்தது. அவருடைய தாயின் பெயர் குப்பம்மாள். தமக்கையின் பெயர் போதும்பொண்ணு. குப்பையில் இட்டுப் புரட்டினால் கூற்றுவன் அருவருத்து விலகிப் போவான் என்று நம்பியவர்கள் தாய்க்கு இட்ட பெயர் அது. பெண் பிறந்தது போதும், இனியாவது ஆண் பிறக்கட்டும் என்று ஏங்கியவர்கள் தமக்கைக்கு இட்ட பெயர் இது.

"நாங்கள் பட்டது போதும், வாத்தியார் ஐயா! என் மகளை அழைத்தால் தெருவே நிமிர்ந்து பார்க்க வேண்டும். அரச குலத்துப் பெயராக, தூய தமிழாக, எங்கள் ஊரில் எவருக்கும் இல்லாததாகச் சொல்லுங்கள். படிப்பகத்து நண்பர்கள் கோப்பெருந்தேவி என்கிறார்கள். வைக்கலாமா?" என்று கேட்டார்.

வைக்கலாம் என்று உடனே சொல்ல நா எழுந்தது. ஓசையிலே பெருமிதம் இருக்கிறது. சிலம்பின் மணமும் இருக்கிறது. ஆனால் ஆசிரியத் தொழில் பழகியவன் ஒரு சொல்லை ஒலித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை, பிரித்தும் பார்க்கிறான். அந்தப் பழக்கம் என்னைத் தடுத்தது. ஒரு கிழமை தவணை கேட்டேன். ஏடுகளைப் புரட்டிக் கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

கோ என்றால் அரசன். பெருந்தேவி என்றால் தேவியருள் பெரியவள், பட்டத்து அரசி. கோவின் பெருந்தேவி, கோப்பெருந்தேவி. இதைப் போலவே ஒலிக்கும் இன்னொரு பெயர் புறநானூற்றில் உண்டு: கோப்பெருஞ்சோழன். உறையூரை ஆண்ட அந்த மன்னனின் பெயரிலும் முன்னே நிற்பது கோ என்ற சொல்தான். ஆனால் அங்கே கோ என்பது அவனே. இங்கே கோ என்பது அவள் அல்லள், அவளை மணந்தவன். பெயருக்குள் அரசன் இருக்கிறான், அரசனின் மனைவி என்ற உறவு இருக்கிறது, அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? தேவி என்ற சொல்லும் வடமொழியிலிருந்து வந்ததே என்பதால், தூய தமிழ் என்ற தோழரின் விருப்பமும் நிறைவேறவில்லை. அது சிறு குறை. பெரிய குறை வேறு.

சிலப்பதிகாரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பாண்டியன் நெடுஞ்செழியனின் அரசிக்கு அந்தக் காப்பியம் தரும் இடம் என்ன? ஆடல் மகளிரின் கூத்திலே கணவன் மனம் செலுத்தினான் என்று ஊடுகிறாள். ஊடலைத் தலைவலி என்று மறைத்து அவையை விட்டு எழுந்து போகிறாள். அவளைத் தேற்ற விரைந்த வேந்தனிடம் பொற்கொல்லன் பொய் சொல்கிறான். வேந்தன் ஆராயாமல் ஆணையிடுகிறான். கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். திருட்டுப் போனது அவளுடைய சிலம்பு. கண்ணகி அவையேறி வழக்குரைத்தபோது எழுந்த கேள்வியும் அந்தச் சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்பதே. தன் காலில் கிடந்த சிலம்பைப் பற்றிச் சான்று சொல்ல அவளைவிடத் தகுதியுடையவர் யார்? எனினும் அவளை எவரும் கேட்கவில்லை. தீய கனவு கண்டதைச் சொல்ல ஒரு முறை வாய் திறந்தாள். கணவன் வீழ்ந்தபின் கலங்கி ஒரு முறை வாய் திறந்தாள். அவன் அடியில் விழுந்தாள், அவளும் மாய்ந்தாள்.

பின்னர்ச் சேரன் செங்குட்டுவன் தன் அரசியிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: கணவனோடு மாய்ந்த பாண்டிமாதேவி, நீதி கேட்டு வெகுண்டு நம் நாடு வந்த கண்ணகி, இருவருள் வியக்கத் தக்கவர் யார்? பாண்டியன் தேவி வானுலகிலே சிறப்புப் பெறட்டும், நம் நாடு வந்த பத்தினியை நாம் போற்றுவோம் என்பது அவள் தந்த விடை. அதன்படி கண்ணகிக்கே கல் எடுத்தார்கள். தீர்ப்புச் சொன்ன அந்தச் சேரமாதேவியின் பெயராவது நமக்குத் தெரியுமா? வேண்மாள் என்கிறது காப்பியம். வேளிர் குலத்துப் பெண் என்பது அதன் பொருள். பாண்டியன் தேவிக்குக் கணவனின் பதவி பெயராயிற்று. சேரன் தேவிக்குத் தந்தையின் குலம் பெயராயிற்று.

காப்பியம் கற்பனை கலந்தது, அதை விட்டுவிடு என்பீர்களாயின், புறநானூற்றுக்கு வாருங்கள். 246ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு பெண்பாற் புலவர். கணவன் இறந்ததும் தீப்பாயப் புறப்பட்ட அவரைச் சான்றோர் தடுக்கிறார்கள். கைம்பெண் உண்ணும் நெய் தீண்டாத சோற்றையும் பருக்கைக் கல்லின் மேல் படுக்கும் படுக்கையையும் எடுத்துக் காட்டி, அவ்வாழ்வினும் இத்தீயே எனக்குக் குளிர்ந்த பொய்கை என்று சீறுகிறார். கைம்மைக் கொடுமைக்கு அதைவிடக் கூரிய சாட்சியம் பழந்தமிழில் அரிது. அத்தகைய பாட்டைத் தந்தவருக்கு ஏடு இட்டிருக்கும் பெயர் என்ன? பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. பெருவேந்தனின் பெண்டாட்டி என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் கணவன் பெயரையும் பாருங்கள்: ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். அவன் ஊர் வென்றான், அது அவன் பெயரிலே ஏறியது. இவர் பாட்டுப் பாடினார், அது இவர் பெயரிலே ஏறவில்லை. பாரியின் மக்களும் பாடினார்கள். அவர்களும் ஏட்டில் பாரி மகளிர்தாம். அங்கவை, சங்கவை என்பன பின்வந்த வழக்கு.

சோழர் காலத்திலும் இதே நிலைதான். முதலாம் இராசராசனின் தாய் வானவன் மாதேவி, கைக்குழந்தையைப் பிரிந்து கணவன் சுந்தர சோழனுடன் தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. வானவன் மாதேவி என்பதும் பட்டப் பெயரே. கணவன் கண்டராதித்தன் மறைந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து கற்றளிகள் பல எடுத்த செம்பியன் மாதேவிக்கும் வரலாறு விட்டுவைத்தது பட்டப் பெயரைத்தான்.

மன்னருக்கும் பட்டப் பெயர்தானே, மகளிருக்கு மட்டும் ஏன் இந்தக் குறை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நெடுஞ்செழியனிலும் செழியன் என்பது குலப்பெயரே. ஆனால் மன்னனின் பட்டம் அவனுடைய உயரத்தை, வெற்றியை, கொடையைச் சொல்லும். தேவியின் பட்டம் யாருடைய மனைவி என்பதைச் சொல்லும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதற்கும் விடை இதுவே என்று நினைக்கிறேன். தமிழ்ப் பெயர் சூட்டும் ஆர்வம் எழுந்த நாளில் சிலப்பதிகாரம் வீதிக்கு வந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். செங்குட்டுவனும் இளங்கோவும் பள்ளிப் பதிவேட்டில் ஏறினார்கள். கண்ணகி வந்தாள், மணிமேகலையும் வந்தாள். அரச மணம் வேண்டியோர் அரசி, இளவரசி, தமிழரசி, கலையரசி என்று வைத்தார்கள். கோப்பெருந்தேவியை மட்டும் அழைப்பார் இல்லை. கண்ணகி என்பது ஒரு பெண்ணின் பெயர், கோப்பெருந்தேவி என்பது ஒரு நாற்காலியின் பெயர் என்று இலக்கணம் படியாத தாய்மார்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் தானே ஆண்ட பெண் நமக்கு இல்லையா? புராணம் ஒருத்தியைக் காட்டுகிறது: மதுரையில் முடிசூடிய தடாதகை. திசையெல்லாம் வென்ற அவள் சிவனைக் கண்டதும் நாணி நின்றாள். மணம் முடிந்ததும் ஆட்சி சுந்தரபாண்டியன் கைக்குப் போயிற்று. நாட்டுப்புறக் கதை இன்னொருத்தியைக் காட்டுகிறது: அல்லி அரசாணி. அவள் பெயர் நம் பேச்சிலே என்ன ஆயிற்று? ஒரு வீட்டில் பெண் சொல் சற்று ஏறி நின்றால், "அங்கே அல்லி ராச்சியம்" என்று நகைக்கிறோம். ஆண்ட பெண்ணைப் பழிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்!

வரலாறு இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. கணவன் இறந்தபின்னும் வாழ்ந்து, 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்டார் மங்கம்மாள். 1772இல் காளையார்கோவிலில் கணவனை இழந்த வேலு நாச்சியார் தீயைத் தேடவில்லை, படையைத் தேடினார். 1780இல் சிவகங்கையை மீட்டார். இவர்களை நாம் கணவன் பெயரைச் சொல்லி அறிவதில்லை. அவரவர் பெயராலே அறிகிறோம்.

இவ்வளவையும் தோழரிடம் சொன்னேன். மன்னர் மானியமும் 1971இல் ஒழிந்துவிட்ட நாட்டில் அரச குலத்துப் பெயர் எதற்கு என்றும் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தாயைக் குப்பை என்று அழைத்த ஊரில் மகளை அரசி என்று அழைக்க விரும்புவது முடியாட்சி ஆசையன்று, மான உணர்ச்சி. ஆகவே, "அரசி என்றே வையுங்கள். ஊரில் நான்கு பேருக்கு இருந்தால் என்ன? அரசன் மனைவியும் அரசிதான். ஆனால் ஆள்பவளும் அரசிதான். அதற்குள் வேறொரு கோ ஒளிந்திருக்கவில்லை" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

உடன் வந்திருந்த அவர் தமக்கை, அதுவரை ஒன்றும் பேசாதவர், அப்போது கேட்டார்: "குழந்தைக்குச் சரி தம்பி. எனக்கு இந்த வயதில் பெயர் மாற்ற முடியுமா?"

முடியும். அரசிதழில் அறிவித்தால் போதும். விண்ணப்பம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். என்ன பெயர் என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவசரமில்லை, அவரே தேர்ந்து அவருக்கு இடும் பெயர் அது.

இளைஞர்களே, உங்கள் தெருவிலும் ஒரு போதும்பொண்ணு இருப்பார். காப்பியத்துப் பெயர்களைத் தேடப் போகுமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். விண்ணப்பம் எழுத ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள்.