பழைய ஸ்டீரியோவில் லேப்டாப் பாட்டு

காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை லேப்டாப்போடு வரும் குட்டி ஸ்பீக்கரில் கேட்பது அந்த மேதைக்குச் செய்யும் அநியாயம். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்தவர். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் என்ற உரிமையில் சொல்கிறேன். தவிலின் தொப்பி எழுப்பும் ஆழ்ந்த ஒலி அந்த ஸ்பீக்கரில் வரவே வராது. கப்பல் வேலைக்குப் போனவர்கள் வாங்கிவந்த ஸ்டீரியோ செட் தூத்துக்குடி வீடுகள் பலவற்றில் இருந்தது. கேசட்டின் காலம் முடிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அதன் ஆம்ப்ளிஃபயரும் பெட்டி ஸ்பீக்கரும் இன்றைக்கும் நல்ல சரக்குதான்.

எங்கள் வீட்டு செட்டில் லேப்டாப்பை இணைக்க மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது வெறும் வயர். ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஏவி பின். விலை சில நூறு ரூபாய்க்குள். செட்டின் பின்பக்கம் ‘ஆக்ஸ்’, ‘லைன் இன்’, ‘டேப் இன்’ என்று எழுதிய எந்தத் துளையிலும் செருகலாம். ‘ஃபோனோ’வில் மட்டும் கூடாது. அது ரெக்கார்ட் பிளேயர் தரும் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. லேப்டாப் தருவதோ ஒரு வோல்ட்டை நெருங்கும், பாட்டு சிதைந்து அலறும். இன்னும் பழைய செட்டுகளில் ஐந்து ஓட்டை வட்டத் துளைதான் இருக்கும். டேப்புக்கான அந்தத் துளையில் 3, 5 எண் கால்களுக்கு இடது, வலது வயரும், 2-க்கு எர்த்தும் என்று சொன்னால் ரேடியோ மெக்கானிக் ஈயம் வைத்துக் கொடுத்துவிடுவார்.

வயரில் வரும் பெரிய தொல்லை, பாட்டுக்கு அடியில் ஓயாமல் கேட்கும் ‘ம்ம்ம்’ இரைச்சல். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு செட்டில் இல்லை. லேப்டாப்பும் செட்டும் இரு வேறு வழியில் எர்த்தைத் தொடுவதால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வயருக்குள் புகுகிறது. செட்டோடு கேபிள் டிவி வயர் சேர்ந்திருந்தாலும் இது வரும். லேப்டாப்பையும் செட்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சிறு டப்பாவை நடுவில் மாட்டலாம். பிளக்கின் எர்த் காலை வெட்டுவது உயிருக்கே ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இரண்டாவது புளூடூத் ரிசீவர். வசதி மிக அதிகம், எர்த் இரைச்சலும் இல்லை. ஆனால் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. நாகஸ்வரத்தின் குழைவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தவிலின் வேகமான சொற்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் கேட்டன. படம் பார்த்தால் வாயசைப்புக்குப் பிந்தியும் குரல் வரலாம்.

மூன்றாவதுதான் என் தேர்வு: யுஎஸ்பி டாக். டிஜிட்டல் பாட்டை அனலாக் ஒலியாக மாற்றும் வேலையை லேப்டாப்புக்கு வெளியே, சர்க்யூட் இரைச்சல் குறைவாக எட்டும் இடத்தில் செய்கிறது. விரல் நீள டைப் சி கன்வெர்ட்டரே வீட்டுக்குப் போதும். லேப்டாப்பில் சத்தத்தை முழு அளவுக்கு அருகே வைத்து, செட்டின் திருகில் கூட்டிக் குறையுங்கள். லேப்டாப்பின் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இளையராஜாவின் ‘ப்ரியா’ (1978), ஸ்டீரியோவில் பதிவான தொடக்க காலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. இடது வலது சரியாக வருகிறதா என்று பார்க்க அதன் பாடல்கள் நல்லவை.

தூத்துக்குடியில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. திரேஸ்புரம், இனிகோ நகர் போன்ற கரையோரத்தில் உப்புக்காற்று ஏவி பின்னைப் பச்சை பிடிக்கவைக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துப்போனதாகத் தோன்றும். தங்க முலாம் பூசிய பின் ஒலியைக் கூட்டாது, ஆனால் எளிதில் களிம்பு ஏறாது. அதற்காக இங்கே அதிக விலை கொடுக்கலாம். திருகில் ‘கரகர’ வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு காண்டாக்ட் க்ளீனர் அடியுங்கள்.

உங்கள் வீட்டு செட்டை எடைக்குப் போடுமுன் அதன் முதுகைத் திருப்பி ‘ஆக்ஸ்’ துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். ஒரு டாக், ஒரு வயர் போதும்.